ஒற்றைக் கிடாவின் மந்தை

பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு செம்மறிக் குட்டி பிறந்தால் அன்றே அதற்கு எடை பார்த்து, காதில் எண் பொறித்த வில்லையை மாட்டிவிடுவார்கள். பதிவேட்டில் தாயின் எண், தகப்பன் கிடாவின் எண், குட்டி கிடாவா பெட்டையா, எத்தனை கிலோ என்று எழுதுவார்கள். மூன்றாம் மாதம் பால் மறக்கும்போது மறுபடியும் எடை பார்ப்பார்கள். பிறகு ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம், ஒரு வயது நிறையும்போது என்று அந்த வரி நீண்டுகொண்டே போகும். குட்டி எப்போதோ சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அதன் தாய் யார், தகப்பன் யார், எந்த மாதம் எவ்வளவு வளர்ந்தது என்பது ஏட்டில் இருக்கும். இந்த அத்தியாயத்தில் நாம் பேசப்போகிற இழப்பு அப்படிப்பட்ட ஏட்டைப் புரட்டினால் மட்டுமே கண்ணில் படும். பட்டியில் நிற்கும் ஆடுகளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது தெரியாது.

பலமனேர் சென்னையிலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூரு போகும் சாலையில், ஏறத்தாழ 700 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில் இருக்கிறது. நிலையம் திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பல்கலைக்கழகம் 2005-இல்தான் உருவானது என்றாலும், அதன் வேரான திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி 1955-லிருந்து இயங்குகிறது. அகில இந்திய அளவில் செம்மறி இன மேம்பாட்டுத் திட்டம் 1971-இல் தொடங்கியபோது பலமனேரும் அதில் ஒரு மையமானது. முதலில் நெல்லூர், மாண்டியா இன ஆடுகளை டார்செட், சஃபோக் என்ற வெளிநாட்டு இறைச்சி இனங்களோடு கலந்து பார்த்தார்கள். பிறகு வெளிக்கலப்பை விட்டுவிட்டு, நெல்லூர் இனத்துக்குள்ளேயே நல்ல கிடாக்களைத் தேர்ந்து பெருக்கும் வேலைக்குத் திரும்பினார்கள். நெல்லூர் இனம் இந்தியச் செம்மறிகளிலேயே உயரமானது. கம்பளி இல்லாமல் மயிர் மட்டும் உள்ள இந்த ஆட்டைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் வெள்ளாடு என்றே நினைத்துவிடலாம். வெள்ளை நிறத்தது பல்லா. வெள்ளையில் வாயையும் கண்ணையும் சுற்றிக் கறுப்புப் படர்ந்தது ஜோடிப்பி. செம்பழுப்பு நிறத்தது தோரா. பலமனேர் மந்தை பெரும்பாலும் பழுப்பு வகை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி ஆந்திரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 1.76 கோடி செம்மறிகள் இருந்தன. தெலங்கானாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே அதிகம் அங்கேதான். இவற்றில் ஆராய்ச்சி நிலையங்களின் பதிவேட்டில் இருப்பவை மிகச் சிலவே. மற்றவையெல்லாம் ஊர் மந்தைகள். முப்பது, நாற்பது, அறுபது பெட்டைகளும் ஒன்றோ இரண்டோ கிடாக்களும் உள்ளவை. தகப்பன் யார் என்று யாரும் எழுதி வைக்காதவை.

ஊர் மந்தையில் நடப்பது இதுதான். ஒரு பருவத்தில் பிறந்த குட்டிகளில் வாட்டசாட்டமான ஒரு கிடாக் குட்டியை விற்காமல் நிறுத்திக்கொள்கிறார்கள். அது வளர்ந்து மந்தையின் பொலிகிடா ஆகிறது. அது சேரும் பெட்டைகளில் அதன் தாயும் உண்டு, அக்காள் தங்கைகளும் உண்டு. நன்றாக வேலை செய்கிற கிடாவை மாற்ற யாருக்கும் மனம் வராது, நாலைந்து வருடம் அதுவே இருக்கும். அதற்குள் அதன் மகள்கள் சினைக்கு வந்துவிடுகின்றன. மகள்களுக்கும் அதுவே கிடா. கடைசியில் அதை விற்கும்போது, அதன் இடத்தில் நிறுத்தப்படுவது அதன் மகன். வெளியிலிருந்து ஒரு கிடாகூட வராமல் இப்படியே பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஓடிவிடும்.

இதை உறவுக் கலப்பு என்கிறோம். இதன் அளவை ஓர் எண்ணாகச் சொல்ல முடியும். கிடாவிடம் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று நல்லது, ஒன்று பழுது என்று வைத்துக்கொள்வோம். பழுதான பிரதி மகளுக்குப் போக வாய்ப்பு பாதி. மகளிடமிருந்து அவள் ஈனும் குட்டிக்குப் போக மறுபடி பாதி. அதே குட்டிக்குத் தகப்பன் வழியாக நேரே வந்து சேர இன்னொரு பாதி. மூன்று பாதிகளையும் பெருக்கினால் எட்டில் ஒன்று. நல்ல பிரதியும் இதே போல இரு வழியாகவும் வந்து சேரலாம், அதற்கும் எட்டில் ஒன்று. ஆகவே தகப்பனுக்கும் மகளுக்கும் பிறந்த குட்டியில், எந்த ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டாலும், அதன் இரு பிரதிகளும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையாக இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று, அதாவது 25 விழுக்காடு. கூடப்பிறந்த அண்ணன் தங்கை சேர்ந்தாலும் 25. தகப்பன் மட்டும் ஒன்றான உடன்பிறப்புகள் சேர்ந்தால் 12.5. நம் குடும்பங்களில் அக்காள் மகளைக் கட்டிய தாய்மாமனின் பிள்ளைகளுக்கும் இந்த எண் 12.5தான். அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் 6.25.

இந்த எண்ணைக் கணக்கிடும் முறையை 1922-இல் வெளியிட்டவர் சூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர். அவர் 1915-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் சேர்ந்தபோது அங்கே ஒரு நெடுஞ்சோதனை காத்திருந்தது. 1906-லிருந்தே கினிப் பன்றிகளை அண்ணனோடு தங்கையைச் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தார்கள். ரைட் அந்தப் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தார். பிறந்த எடை, வளரும் வேகம், ஒரு ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை, பிழைக்கும் விகிதம் எல்லாம் பொதுவாகச் சரிந்திருந்தன. எல்லாக் குடும்பங்களும் ஒரே மாதிரிச் சரியவில்லை என்பதையும் அவர் கண்டார். ஒன்றில் எடை போயிருந்தது, இன்னொன்றில் எடை தாங்கியது, குட்டி எண்ணிக்கை குறைந்தது. எந்தக் குடும்பத்தில் எந்தப் பழுது இரட்டையாகிறது என்பது தற்செயல். பிறகு அவர் இரண்டு வேறுவேறு குடும்பங்களைக் கலந்தபோது போன வீரியம் திரும்பி வந்தது. அந்தச் சோதனையின் இன்னொரு கண்டுபிடிப்பைக் கடைசியில் பார்ப்போம். சித்தூர் மேய்ப்பருக்கு அதுதான் நேரடியாக உதவும்.

பழுது இரட்டையாகிறது என்றேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். செம்மறிக்கு 27 இணைக் குரோமோசோம்கள். ஒவ்வொரு உயிரும், எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும், தன் மரபணுக்களில் பல பழுதுகளைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறது. பெரும்பாலான பழுதுகள் ஒடுங்கியவை. இணையில் இருக்கும் நல்ல பிரதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்வரை அவை வெளியே தெரியாது. இரு பிரதியும் பழுதாகும்போதுதான் குறை தலைகாட்டும். தாடை பொருந்தாத குட்டி, விதை இறங்காத கிடா போன்ற கண்ணில் படும் குறைகள் சில அப்படி வரலாம். ஆனால் வளர்ச்சி என்பது ஒரு மரபணுவின் வேலை இல்லை. பசி, செரிமானம், எலும்பு நீளுவது, தசை கூடுவது, நோயைத் தாங்குவது என்று ஆயிரக்கணக்கான மரபணுக்கள் அதில் கை வைக்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. உறவுக் கலப்பில் பிறந்த குட்டியில் இவற்றில் பத்து இடத்திலோ நூறு இடத்திலோ பழுது இரட்டையாகியிருக்கும். எந்த இடமும் குட்டியைக் கொல்லாது. எல்லாம் சேர்ந்து எடையில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். நொண்டாத, இருமாத, மேயாமல் நிற்காத ஒரு குட்டி, தான் எட்டியிருக்க வேண்டிய எடைக்கு ஒரு கிலோ குறைவாக நின்றால் யார் கவனிப்பார்கள்?

எவ்வளவு பிடுங்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. லாம்பர்சன், தாமஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை பல நாடுகளில் செம்மறிகள் மீது நடந்த ஆய்வுகளைத் திரட்டி 1984-இல் சராசரி கண்டார்கள். உறவுக் கலப்பு ஒரு விழுக்காடு கூடினால் பிறப்பு எடை ஏறத்தாழ 13 கிராம் குறைகிறது, பால் மறக்கும்போதைய எடை ஏறத்தாழ 110 கிராம் குறைகிறது. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். தகப்பன்-மகள் குட்டிக்கு 25-ஆல் பெருக்கிப் பாருங்கள். பிறக்கும்போது முந்நூற்றுச் சொச்சம் கிராம், மூன்றாம் மாதத்தில் இரண்டே முக்கால் கிலோ. நெல்லூர்க் குட்டி சுமார் மூன்று கிலோவில் பிறந்து, நல்ல பராமரிப்பில் பால் மறக்கும்போது பதினான்கு கிலோ வாக்கில் நிற்கும். அதில் இரண்டே முக்கால் என்பது ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நம்முடையதைவிடப் பெரிய உடம்புள்ள கம்பளி இனங்கள் மீது நடந்தவை. ஆகவே கிராம் கணக்கை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. பாதி என்றே வைத்துக்கொண்டாலும், முப்பது குட்டி விற்கும் ஒரு வீட்டில் மூன்று குட்டிகளின் எடை காணாமல் போகிறது. அந்த மூன்று குட்டிகளும் ஈனப்படாமலே போனதாக யாரும் வருத்தப்படுவதில்லை, ஏனென்றால் பட்டியில் தலை எண்ணினால் முப்பதும் சரியாக இருக்கும்.

பிறப்பு எடையைவிடப் பால் மறக்கும் எடையில் அடி பலமாக விழுவதற்குக் காரணம் தாய். மூன்று மாதம் வரை குட்டியின் எடையில் பாதிக் கதை தாயின் பால்தான். ஒற்றைக் கிடா மந்தையில் குட்டி மட்டும் உறவுக் கலப்பில் பிறந்ததாக இருப்பதில்லை, அதன் தாயும் அப்படிப் பிறந்தவளாகவே இருப்பாள். தாயின் கருப்பை குட்டிக்குக் கொடுப்பது குறையும், மடி கொடுப்பதும் குறையும். குட்டி தன் மரபணுவுக்காக ஒருமுறையும் தாயின் மரபணுவுக்காக இன்னொருமுறையும் விலை கொடுக்கிறது. நல்ல ஆய்வுகள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிடுவது இதனால்தான்.

இப்போது கிடாக்களின் எண்ணிக்கைக்கு வருவோம். மேய்ப்பர்களோடு பேசும்போது அடிக்கடி வரும் பதில், என் மந்தை பெரிசு, இதில் உறவு எங்கே வரப்போகிறது என்பது. ரைட்டின் இன்னொரு சூத்திரம் இதற்குப் பதில் சொல்கிறது. கிடாக்களின் எண்ணையும் பெட்டைகளின் எண்ணையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருவது அந்த மந்தையின் மரபியல் அளவு. ஒரு கிடாவும் நாற்பது பெட்டைகளும் உள்ள மந்தைக்கு விடை 3.9. பெட்டைகளை நானூறாக உயர்த்திப் பாருங்கள், விடை 3.99. ஒற்றைக் கிடா இருக்கும்வரை எத்தனை பெட்டை வாங்கிச் சேர்த்தாலும் மரபியல் கணக்கில் அது நான்கு ஆட்டு மந்தைதான். ஒவ்வொரு தலைமுறையிலும் சராசரி உறவுக் கலப்பு 12 விழுக்காட்டுக்கு மேல் ஏறும். அதே நாற்பது பெட்டைக்கு இரண்டு கிடா விட்டால் ஏற்றம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஓர் ஆராய்ச்சி நிலையம் முந்நூறு பெட்டைக்கு இருபது கிடா வைத்திருந்தால் மரபியல் அளவு 75 ஆகும், ஒரு தலைமுறைக்கு ஏற்றம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே நிற்கும். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு வளர்ப்பு விலங்குகளுக்குச் சொல்லும் எல்லையும் அந்த ஒரு விழுக்காடுதான்.

ஊர் மந்தைகளில் எடை குறைகிறது என்றால் எல்லாப் பழியையும் உறவுக் கலப்பின் தலையில் போடவும் முடியாது. பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கு வட்டங்கள் அடிக்கடி வறட்சி காண்பவை. மழை பொய்த்த வருடம் புல்லும் இல்லை, நிலக்கடலை அறுத்த காட்டில் மேய்ச்சலும் இல்லை, தாய்க்குப் பால் ஊறாது, குட்டி இளைக்கும். வெளிக்கிடா வராத மந்தையில் உறவுக் கலப்பும் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகும். கடைசி மூன்று வருடம் வறட்சியாக அமைந்துவிட்டால், எடை குறைந்தது வறட்சியாலா உறவாலா என்று எப்படிச் சொல்வது? பக்ரீத் சந்தை இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. மந்தையிலேயே திடமாக வளர்ந்த கிடாக்களுக்கு அப்போது நல்ல விலை கிடைக்கிறது. பணம் தேவைப்படும் வீடு அவற்றைத்தான் முதலில் விற்கும். மிஞ்சும் சுமாரான கிடா அடுத்த தலைமுறையின் தகப்பனாகிறது. இது உறவுக் கலப்பு அல்ல, தலைகீழ்த் தேர்வு. ஆனால் விளைவு ஒன்று போலவே தெரியும்.

பதிவேடு இருக்கும் இடத்தில் இந்த முடிச்சை அவிழ்க்கலாம். ஒரே வருடத்தில், ஒரே பருவத்தில் பிறந்த குட்டிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். கிடாவைக் கிடாவோடும் பெட்டையைப் பெட்டையோடும் ஒப்பிட வேண்டும். தலையீற்றுத் தாயின் குட்டியை நாலாம் ஈற்றுத் தாயின் குட்டியோடு வைக்கக் கூடாது. இத்தனையும் சமமான பிறகு, உறவுக் கலப்பு கூடிய குட்டிக்கும் குறைந்த குட்டிக்கும் இடையே மிஞ்சும் எடை வித்தியாசம்தான் நாம் தேடுவது. இன்று கணிப்பொறி ஒவ்வோர் ஆட்டின் முழு வம்சாவளியையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கணக்கிடுகிறது.

ஆராய்ச்சி நிலைய மந்தைகளில் செய்த ஆய்வுகள் சில, உறவுக் கலப்பால் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று முடிகின்றன. இதைப் படித்துவிட்டு உறவுக் கலப்பால் ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. நிலையங்களில் நெருங்கிய உறவுகளைச் சேர விடுவதில்லை. பெரும்பாலான குட்டிகளின் எண் சைபர் முதல் சில விழுக்காடு வரையே இருக்கும். அவ்வளவு குறுகிய இடைவெளியில், நோயும் மழையும் எடையை ஆட்டிவைக்கும்போது, ஒரு விழுக்காட்டுக்கு நூறு கிராம் என்ற சரிவு புள்ளிவிவரத்தின் கண்ணில் படாமலே போகலாம். மேலும், வம்சாவளி ஏடு தொடங்கிய நாளில் வாங்கி வந்த ஆடுகள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு தொடங்குகிறது. ஒரே ஊர் மந்தையிலிருந்து பத்து ஆடு வாங்கியிருந்தால் அவை ஏற்கனவே சித்தி மகள், பெரியம்மா மகள்களாக இருந்திருக்கும். ஏடு அதை அறியாது. அண்மைக் காலத்தில் டி.என்.ஏ.வையே படித்து, குரோமோசோமின் எவ்வளவு நீளத்தில் இரு பிரதியும் அச்சொட்டாக ஒன்றாக இருக்கின்றன என்று அளக்கிறார்கள். அந்த நீளத் துண்டுகள் பொய் சொல்வதில்லை.

எடை மட்டும் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புழுத் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. இதற்கு நாம் பார்க்க வேண்டிய இடம் ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக்கில் உள்ள ஹிர்தா என்ற தீவு. அங்கிருந்த மக்கள் 1930-இல் வெளியேறினார்கள். 1932-இல் பக்கத்துச் சோவே தீவிலிருந்து 107 செம்மறிகளைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். மேய்ப்பர் இல்லை, தீவனம் இல்லை, மருந்து இல்லை. 1985-லிருந்து அந்த ஆடுகளை ஒவ்வொன்றாக அடையாளமிட்டு ஆராய்கிறார்கள். டேவிட் கோல்ட்மனும் கூட்டாளிகளும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், உறவுக் கலப்பு மிகுந்த ஆடுகளின் குடலில் புழுக்கள் அதிகம் என்றும், கடும் குளிர்காலத்தில் அவையே அதிகம் மடிந்தன என்றும் கண்டார்கள். புழு நீக்கும் மருந்து கொடுத்த ஆடுகளில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. குளிர் கொன்றதாகத் தோன்றிய ஆடுகளை உண்மையில் புழு கொன்றிருக்கிறது, புழுவுக்குக் கதவைத் திறந்துவிட்டது உறவுக் கலப்பு.

சித்தூர், திருப்பதிப் பக்கம் மழைக்குப் பிறகு வரும் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவை எல்லா மேய்ப்பரும் அறிவார்கள். கண் இமை வெளுக்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும், குட்டி வளராது. குடற்புழு நீக்க மருந்து ஊற்றினால் தேறும். திரும்பத் திரும்ப மருந்து ஊற்றியும் திரும்பத் திரும்ப இளைக்கும் மந்தையைப் பார்த்தால், மருந்து சரியில்லை என்றோ புழு மருந்துக்குப் பழகிவிட்டது என்றோ சொல்கிறோம். அவையும் காரணமாக இருக்கலாம். கிடா எத்தனை வருடமாக மாறவில்லை என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கெல்லாம் எதிர்ச்சாட்சி போல ஓர் ஆட்டு மந்தை உண்டு. தென் இந்தியப் பெருங்கடலில், அண்டார்டிகாவை நோக்கிப் போகும் வழியில் உள்ள கெர்கெலன் தீவுக்கூட்டத்தில் ஓட் என்ற சிறு தீவு. 1957-இல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்திலிருந்து ஒரு கிடாவும் ஒரு பெட்டையுமாக இரண்டே காட்டுச் செம்மறிகளைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். இருபது ஆண்டுகளில் அவை எழுநூறாகப் பெருகின. அத்தனையும் ஒரே சோடியின் வாரிசுகள். 2007-இல் வெளியான ஆய்வு, எதிர்பார்த்ததைவிட அதிக மரபு வேறுபாடு அவற்றில் மிஞ்சியிருப்பதாகக் காட்டியது. இரு பிரதியும் வேறுவேறாக அமைந்த குட்டிகளே அதிகம் பிழைத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மற்றவை செத்து ஒழிந்தன. தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவில் மணந்த தென்னிந்தியச் சமூகங்களில் இப்படிப் பழுதான மரபணுக்கள் ஓரளவு களையப்பட்டிருக்கலாம் என்று மரபியலாளர் எல். டி. சங்வி 1966-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அது இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது. களைவது என்ற இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது சாவு. ஆளில்லாத தீவில் இயற்கை அதைச் செய்துகொள்ளட்டும். முப்பது ஆட்டை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு குடும்பத்திடம், பத்துத் தலைமுறை பொறு, பழுதெல்லாம் செத்துக் கழிந்துவிடும் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லத் துணியக் கூடாது.

உறவுக் கலப்பைத் தெரிந்தே கருவியாக எடுத்தவர்களும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் டிஷ்லி என்ற ஊரில் ராபர்ட் பேக்வெல் நெருங்கிய உறவுகளையே சேர்த்துச் சேர்த்து நியூ லெஸ்டர் என்ற இறைச்சி இனத்தை உருவாக்கினார். சீக்கிரம் கொழுக்கும் ஆடு, சதைப்பிடிப்புள்ள உடம்பு, எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. குட்டி ஈனும் திறன் குறைவு என்ற குறையும் கூடவே எழுந்தது. அவருடைய ஏற்பாடுகளில் நான் வியப்பது வேறொன்று. அவர் கிடாக்களை விற்பதைவிட ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விடுவதையே வழக்கமாக்கினார். அவருடைய கிடாக்கள் ஊர் ஊராகப் போய் மற்றவர் மந்தைகளின் பெட்டைகளைச் சினையாக்கின. எந்தக் கிடாவின் குட்டிகள் நன்றாக வளர்கின்றன என்று பார்த்து, அதையே திரும்ப அழைத்துக்கொண்டார்.

உறவுக் கலப்பு அலட்சியத்தால் மட்டும் வருவதில்லை. எடை கூடிய ஆட்டைத் தேர்ந்தெடுக்கும் நல்ல முயற்சியே அதைக் கொண்டுவந்துவிடும். ஒரு கிடாவின் மதிப்பைக் கணக்கிடும்போது அதன் தகப்பன், சகோதரர், பிள்ளைகள் எல்லாருடைய எடையையும் சேர்த்துப் பார்க்கும் முறைதான் இன்று வழக்கம். ஒரு தகப்பன் சிறந்தவனாக இருந்தால் அவன் மகன்கள் எல்லாருமே பட்டியலின் மேலே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். முதல் பத்துக் கிடாக்களை எடுத்தால் ஆறு பேர் அண்ணன் தம்பிகள். நிறம் வேறு இதைக் குறுக்குகிறது. மாசில்லாத பழுப்பு வேண்டும் என்று தேடினால் தகுதி பெறும் கிடாக்கள் இன்னும் சுருங்கும். தேர்வு கூர்மையாகும் அளவுக்கு மந்தை தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. இதற்கு மாற்றாக, ஒவ்வொரு கிடாவின் சிறப்பையும் மந்தையோடு அதற்குள்ள உறவின் நெருக்கத்தையும் ஒருங்கே எடைபோட்டு, யார் எத்தனை பெட்டைக்கு என்று பங்கிடும் கணித முறைகள் 1990-களிலிருந்து வந்திருக்கின்றன. கொஞ்சம் எடை குறைந்த, ஆனால் உறவில் தூரமான கிடாவுக்கும் அதில் இடம் உண்டு.

இதே பலமனேர் நிலையத்தில்தான் புங்கனூர்க் குட்டை மாடுகளையும் பேணுகிறார்கள். இடுப்பளவு உயரம்கூட எட்டாத அந்த மாடுகளின் எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்ட காலத்தில் அவற்றைக் காத்த மந்தை அது. அங்கே உறவுக் கலப்பின் நெருக்கடி செம்மறிக்கு இருப்பதைவிடப் பல மடங்கு. வெளியிலிருந்து காளை கொண்டுவரலாம் என்றால், வெளியே எங்கே இருக்கிறது? இருக்கும் சில காளைகளின் விந்தை உறைய வைத்து, தூரத்து உறவுகளைத் தேடிச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. நெல்லூர்ச் செம்மறிக்கு அந்த நிலை இல்லை. பல்லாவும் ஜோடிப்பியும் தோராவும் நெல்லூரிலிருந்து ராயலசீமை வரை பரவிக் கிடக்கின்றன. உறவில்லாத கிடா இருபது கிலோமீட்டருக்குள் எங்கோ மேய்ந்துகொண்டிருக்கிறது.

மாட்டுக்குச் செய்வது போல சினை ஊசி போட்டு இதைத் தீர்க்க முடியாதா என்று கேட்பார்கள். பெட்டைச் செம்மறியின் கருப்பைக் கழுத்து மடிப்பு மடிப்பாகத் திருகிக் கிடக்கிறது. கருவி உள்ளே போவது சிரமம், உறைவிந்து வெளியிலேயே நின்றுவிட்டால் சினை தங்குவது குறைவு. வயிற்றைச் சிறிதாகத் துளைத்துச் செய்யும் முறை உண்டு, அது ஊர் மந்தைக்கு எட்டாது. ஆகவே கிடாவே நேரில் போயாக வேண்டும். பலமனேர் போன்ற நிலையங்கள் தேர்ந்த பொலிகிடாக்களை மேய்ப்பர்களுக்குக் கொடுப்பது இதனால்தான். நிலையத்துக் கிடா கிடைக்காத ஊரிலும் வழி இருக்கிறது. நாலு ஊர் மேய்ப்பர்கள் பேசி வைத்துக்கொண்டு, முதல் ஊரில் பிறந்த கிடாவை இரண்டாம் ஊருக்கும், இரண்டாம் ஊருடையதை மூன்றாம் ஊருக்கும், இப்படியே சுற்றி நாலாவதை முதலுக்கும் விட வேண்டும். பெட்டைகள் அங்கங்கே இருக்கட்டும். தன் மகள்கள் சினைப் பருவத்துக்கு வருமுன் கிடா நகர்ந்துவிட வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு வருடம் என்பது அதற்கான கெடு. மேய்ச்சல் தேடிக் கிடை மாறிப் போகும் மந்தைகளில், வழியில் வேறு மந்தைகளோடு கலந்து, இது கொஞ்சம் தானாகவே நடக்கும். ஒரே காட்டைச் சுற்றி வரும் சிறு மந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

உறவில்லாத ஒரு கிடா வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? இங்கே மரபியல் மிகவும் தாராளமாக நடந்துகொள்கிறது. பன்னிரண்டு வருடம் ஒரே குடும்பமாகச் சுருங்கிக் கிடந்த மந்தையானாலும், புதுக் கிடாவுக்குப் பிறக்கும் முதல் குட்டிகளிலேயே உறவுக் கலப்பின் எண் சைபர் ஆகிவிடும். தாயிடமிருந்து வரும் ஒவ்வொரு பிரதிக்கும் எதிரே முற்றிலும் வேறு இடத்திலிருந்து வந்த பிரதி நிற்கும். ஆனால் அந்த வருடமே தராசில் முழுப் பலனையும் தேடினால் ஏமாற்றமாக இருக்கும். ரைட்டின் கினிப் பன்றிகள் காட்டியது இதைத்தான். கலந்து பிறந்த குட்டிகள் முதல் தலைமுறையிலேயே தேறின. ஆனால் தாயைச் சார்ந்த குணங்கள் அந்தக் குட்டிகளே தாயான பிறகுதான் முழுதாகத் திரும்பின. புதுக் கிடாவின் முதல் குட்டிகளுக்குப் பால் கொடுப்பவை பழைய மந்தையின் பெட்டைகள்தான். அவற்றின் மடி நேற்று இருந்தபடியேதான் இருக்கும். புதுக் கிடாவைக் கொண்டுவந்த மேய்ப்பர் முதல் வருடக் குட்டிகளைப் பார்த்து, பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையே என்று அவசரப்பட்டு முடிவு கட்டாமல், அந்தப் பெட்டைக் குட்டிகளை விற்காமல் நிறுத்தி, அவை சினையாகும் முன் அந்தக் கிடாவையும் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டு, மூன்றாம் வருடம் அவற்றின் குட்டிகள் பால் மறக்கும் வாரத்தில் தராசை எடுக்க வேண்டும்.